பிணியின் அளவு: மிகையெழுச்சியை அளக்கக் கற்ற வரலாறு

துணியை முழத்தால் அளக்கிறோம். நெல்லைக் கொத்தாலும் பறையாலும் அளக்கிறோம். காணியைப் பரப்புக் கணக்கில் அளக்கிறோம். உடம்பிற் காய்ச்சல் கண்டால் வெப்பமானியை வைத்துப் பார்க்கிறோம். ஆனால் ஒருவருடைய உள்ளத்திற் காய்ச்சல் கண்டால், அதனை எதனைக்கொண்டு அளப்பது? இக்கேள்விக்கு விடை காண அறிஞர்கள் பட்ட பாட்டின் வரலாற்றையே இச்சிறு கட்டுரையிற் கூற முயல்கிறேன். நான் மருத்துவ மாணவன் அல்லேன், வரலாறு பயில்பவன். எனினும் இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில், ஒரு மாரியிலே, என் அம்மான் ஒருவர் திடீரென மாறிப்போனார். இரவு முழுவதும் உறங்கார். நடுச்சாமத்தில் எழுந்து கிணற்றடியைத் துப்புரவாக்குவார். வாய் ஓயாது பேசுவார். கோபுரம் ஒன்று கட்டப்போவதாகக் கூறிக் கைப்பணத்தையெல்லாம் கல்லுக்கும் சீமெந்துக்கும் முற்பணமாகக் கொடுத்தார். தடுத்தவர்மேற் சீறி விழுந்தார். “விசர்” என்றது ஊர். சில வாரங்களின் பின் அவர் அடங்கிப்போனார். ஒரு மூலையிலே பாயைப் போட்டுச் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்பார். அப்பொழுது ஊர் என்ன சொல்லிற்று? “இப்ப சுகம் வந்திட்டுது, ஆள் அமைதி” என்றது. நாங்களும் அதனை நம்பினோம். அந்த அமைதி நோயின் மறுபாதி என்பதை அறிய எமக்கு இரண்டு ஆண்டுகள் சென்றன.

ஊரைக் குறைகூற இதனை எழுதவில்லை. “விசர்” என்ற அந்த ஒரே சொல்லில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நேற்றையிலும் இன்று கூடியதா, குறைந்ததா என்று கேட்க அச்சொல் இடந்தருவதில்லை. அளவு இல்லாத இடத்திலே வீண் அச்சமும் உண்டு. வீண் நம்பிக்கையும் உண்டு. மருத்துவன் நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செயற்படல் வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் காட்டும் நெறி. உடல் நோய்க்கு அவ்வளவினைக் காண்பது ஓரளவு எளிது. உள நோய்க்கோ அது மிக அண்மைக்காலத்திலேதான் கைகூடிற்று.

இரு முகமும் ஒரு நோயும்

ஒன்றை அளப்பதற்கு முன் அது இன்னதென்று அறிதல் வேண்டும். அளவு கடந்த எழுச்சியும் அளவு கடந்த சோர்வும் ஒரே மனிதரிடம் மாறிமாறி வருதலைப் பண்டைக் கிரேக்க மருத்துவரான கப்படோசிய நாட்டு அரெற்றேயசு குறித்துவைத்தார். ஆயினும் நெடுங்காலம் அவை இரண்டும் வெவ்வேறு நோய்களாகவே எண்ணப்பட்டன. 1854இல் பாரிசு நகரில் பல்ரே, பய்யார்ஜே என்னும் இரு மருத்துவர்கள், இவை ஒரே நோயின் இரு முகங்கள் என்று ஏறக்குறைய ஒரே வேளையில் எடுத்துரைத்தனர். முதலிற் கண்டவர் யார் என்று தம்முள் வழக்கும் ஆடினர்.

அவர்களுக்குப் பின் வந்தவர் ஜேர்மனியரான எமில் கிறேப்பலின். உளவியலுக்கு ஆய்வுகூடம் அமைத்த வூண்டிடம் பயின்ற இவர், தேநீரும் மதுவும் மனத்தின் வேகத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைக் கருவிகொண்டு அளந்து 1892இல் நூலாக வெளியிட்டார். பின்னர் தம் நோயாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி, நோய் வந்த காலம், போன காலம், மீண்டும் வந்த காலம் என்பவற்றைத் தொகுத்தார். ஒரு நாள் தோற்றத்தைக் கொண்டன்றி, வாழ்நாள் முழுவதும் நோய் செல்லும் வழியைக் கொண்டே அதன் பெயரைத் துணிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன்படி 1899இல் தமது பாடநூலின் ஆறாம் பதிப்பிலே இவ்வெழுச்சியையும் சோர்வையும் ஒரே நோயாக அடக்கினார். 1957இல் லேயோன்காட் என்பவர், இரு முனையும் காணும் நோயாளரையும் ஒரு முனையே காணும் நோயாளரையும் பிரித்துக் காட்டினார். 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு “இருமுனைக் கோளாறு” என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. அதன் மேல்முனையாகிய மேனியாவையே இக்கட்டுரையில் மிகையெழுச்சி என்கிறேன்.

கையை நம்பலாமா?

நான் படித்த மிசன் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் மூன்று பாத்திரங்களில் நீர் வைத்தார். ஒன்றில் சுடுநீர், ஒன்றில் பனிக்கட்டி நீர், நடுவில் வெதுவெதுப்பான நீர். ஒரு கையைச் சுடுநீரிலும் மறுகையைக் குளிர்நீரிலும் சிறிது நேரம் வைத்திருக்கச் செய்து, பின்பு இரு கைகளையும் நடுப்பாத்திரத்தில் இடச்சொன்னார். ஒரு கை “குளிர்” என்றது. மறு கை “சூடு” என்றது. “பார்த்தாயா? உன் கையை நம்பினால் ஏமாறுவாய், அதனாலேதான் வெப்பமானி வேண்டும்” என்றார் அவர்.

மிகையெழுச்சியை அளப்பதில் உள்ள இடர் இதுவே. சோர்வுற்றவரைக் கேட்டால், “எனக்கு ஏலாது” என்று தம் துன்பத்தைச் சொல்வார். மிகையெழுச்சி கொண்டவரோ, “என் வாழ்நாளில் இவ்வளவு சுகமாக நான் இருந்ததில்லை” என்பார். அளக்க வேண்டிய மனமே அளக்கும் கருவியாகவும் இருப்பதால், அது சொல்லும் விடையை அப்படியே ஏற்க முடியாது. அப்படியாயின் யாரைக் கேட்பது?

லித்தியம் எழுப்பிய வினா

நல்ல மருந்து இல்லாத காலத்தில் இக்கேள்வி பலரை வருத்தவில்லை. நோயாளி அடங்கினால் போதும் என்பதே பல மனைகளில் நோக்கமாக இருந்தது. மருந்து வந்த பின்னரே அளவு வேண்டியதாயிற்று.

அவுஸ்திரேலியரான ஜோன் கேட் என்னும் மருத்துவர் 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் சாங்கி முகாமில் இருந்து மீண்டவர். மெல்போண் நகரையடுத்த பண்டூராவில் ஒரு சிறு வைத்தியசாலையில் இருந்துகொண்டு, எளிய கருவிகளோடு ஆராய்ந்தார். கினிப்பன்றிகளுக்கு லித்தியம் உப்பை ஏற்றியபோது அவை அமைதியுற்றதைக் கண்டு, அதனை மிகையெழுச்சியுற்ற பத்து நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். நெடுநாள் நோயுற்றிருந்தோரும் தேறினர். 1949 செப்ரெம்பரில் இச்செய்தியை அவுஸ்திரேலிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார். அதே 1949இல் அமெரிக்காவிலே, இருதய நோயாளர் சிலர் கறியுப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைட்டை அளவின்றி உண்டு உயிரிழந்தனர். ஆகவே ஒரே பொருள் ஓரிடத்தில் அமுதம், இன்னோரிடத்தில் நஞ்சு. வேறுபாடு அளவில் இருந்தது. இரத்தத்தில் லித்தியம் எவ்வளவு உண்டு என்பதைச் சுவாலையின் நிறத்தைக் கொண்டு அறியும் கருவி விரைவிற் பயன்பாட்டுக்கு வந்தது.

மருந்தின் அளவை அறியலாயிற்று. நோயின் அளவை அறிவது எவ்வாறு? 1954இல் டென்மார்க்கில் மோகென்ஸ் ஸ்கௌ என்பவரும் அவர் தோழரும் 38 நோயாளரிடம் லித்தியத்தைச் சோதித்தனர். அவர்களுட் சிலருக்குச் சில காலம் லித்தியமும் சில காலம் வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. எது எப்போது கொடுக்கப்பட்டது என்பது மதிப்பிடுவோருக்குத் தெரியாது. இது நேர்மையான சோதனை. ஆயினும் “தேறினார்”, “சிறிது தேறினார்” என்னும் சொற்கள் ஆளுக்கு ஆள் பொருள் மாறுபவை. ஒரு நாட்டார் சொல்லும் “சிறிது” இன்னொரு நாட்டாருக்குப் “பெரிது” ஆகலாம்.

இது வெறும் ஐயம் அன்று. 1972இல் வெளிவந்த ஆய்வொன்று நியூயோர்க் நகரத்து மருத்துவரையும் இலண்டன் நகரத்து மருத்துவரையும் ஒப்பிட்டது. ஒத்த தன்மையுடைய நோயாளரை நியூயோர்க்கார் பெரும்பாலும் மனச்சிதைவுற்றோர் என்றும், இலண்டன்காரர் பலவேளை மிகையெழுச்சியோ மனச்சோர்வோ உற்றோர் என்றும் பெயரிட்டனர் என்பது வெளியாயிற்று. கடல் கடந்தால் நோயின் பெயரே மாறியது! பெயர் மாறினால் மருந்தும் மாறும். மருந்து மாறினால் ஒரு மனிதரின் வாழ்வே மாறும். அமெரிக்காவில் லித்தியத்துக்கு 1970இலேதான் அரசின் அங்கீகாரம் கிடைத்தது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

தாதியர் கையில் முதல் அளவுகோல்

மனச்சோர்வுக்கு இங்கிலாந்தில் மாக்ஸ் ஹமில்ட்டன் 1960இலேயே ஓர் அளவுகோலை வெளியிட்டிருந்தார். மிகையெழுச்சிக்குப் பலரும் அறிந்த முதல் அளவுகோல் 1971இல் அமெரிக்காவில் பெய்கல், மேர்பி, பண்ணி என்போரால் வெளியிடப்பட்டது. அதில் 26 கூறுகள். ஒவ்வொன்றும் எத்தனை முறை காணப்பட்டது, எவ்வளவு கடுமையாகக் காணப்பட்டது என்று குறித்தல் வேண்டும். குறிப்பவர் யார்? மருத்துவர் அல்லர், விடுதியில் நோயாளரோடு நாள்முழுதும் இருக்கும் தாதியர். இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. நோயாளி மருத்துவர் முன்னிலையில் கால் மணித்தியாலம் அடங்கி இருக்கக்கூடும். இரவு இரண்டு மணிக்கு அவர் என்ன செய்தார் என்பது தாதிக்கே தெரியும்.

1973இல் சுவீடனில் பெற்றர்சனும் அவர் தோழரும் சுருக்கமான வேறோர் அளவுகோலை அமைத்தனர். டென்மார்க்கில் பெக், றபேல்சன் என்போர் 11 கூறுகளும் ஒவ்வொன்றுக்கும் 4 வரை புள்ளிகளும் உடையதாய், 44 வரை செல்லும் ஓர் அளவுகோலை 1978இல் தந்தனர். அதே 1978இல், இன்று உலகெங்கும் வழங்கும் அளவுகோல் பிறந்தது.

பதினொரு கூறுகள்

யங், பிக்ஸ், சீக்லர், மேயர் என்னும் நால்வர் பிரித்தானிய உளமருத்துவச் சஞ்சிகையில் இதனை வெளியிட்டனர். முதலாமவர் பெயரால் இது யங் மிகையெழுச்சி அளவுகோல் எனப்படுகின்றது. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியோடு கால் மணித்தியாலம் முதல் அரை மணித்தியாலம் வரை உரையாடி, கடந்த 48 மணித்தியாலங்களைப் பற்றி அவர் சொல்வதையும், உரையாடும்போது தாம் காண்பதையும் சேர்த்துப் புள்ளியிடுவார். நோயாளியின் சொல்லும் வேண்டும். பார்ப்பவரின் கண்ணும் வேண்டும். இரண்டும் முரண்படுமிடத்தில் காட்சிக்கே நிறை கூடுதல்.

அப்பதினொரு கூறுகள் இவை: மிகுந்த மகிழ்ச்சிநிலை, உடலின் துடிப்பும் செயலும், பாலுணர்வு நாட்டம், நித்திரை, எரிச்சல், பேச்சின் வேகமும் அளவும், சிந்தனைத் தொடர்ச்சி, எண்ணங்களின் பொருள், குழப்பம் விளைத்தலும் தாக்குதலும், உடையும் தோற்றமும், தம் நிலையைத் தாமே உணர்தல். இவற்றுள் ஏழுக்கு 0 முதல் 4 வரை புள்ளிகள். எரிச்சல், பேச்சு, எண்ணங்களின் பொருள், தாக்குதல் ஆகிய நான்குக்கும் 0 முதல் 8 வரை. நோய் முற்றியவர் ஒத்துழைக்க மறுத்தாலும் மதிப்பீடு குறைந்துவிடாதிருக்கவே இந்நான்கிற்கும் இரட்டிப்பு நிறை கொடுத்தனர். ஆக மொத்தம் 60.

நித்திரைக்குப் புள்ளியிடும் முறையைப் பார்த்தால் இவர்களுடைய நுட்பம் விளங்கும். நித்திரை குறையவில்லையெனில் 0. வழக்கத்திலும் ஒரு மணித்தியாலம் வரை குறைந்தால் 1. அதற்கு மேற் குறைந்தால் 2. தமக்கு நித்திரை முன்போல் வேண்டியதில்லை என்றால் 3. நித்திரையே தேவையில்லை என்றால் 4. நித்திரை வராமல் வருந்துவது வேறு. அது வேண்டியதில்லை என்று மகிழ்வது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்திருந்தால், அன்று நடுச்சாமத்திற் கிணற்றடியைத் துப்புரவாக்கிய என் அம்மானைப் பார்த்து, “மனுசன் என்ன உழைப்பாளி” என்று நாங்கள் முதல் வாரத்தில் வியந்திருக்கமாட்டோம்.

அளவுகோலையும் அளந்து பார்த்தல் வேண்டுமன்றோ? ஒரே நோயாளியை இருவர் தனித்தனியே மதிப்பிட்டனர். 1 என்பது முழு ஒற்றுமையாயின், மொத்தப் புள்ளியில் அவர்களிடையே இருந்த ஒற்றுமை 0.93, தனித்தனிக் கூறுகளில் 0.66 முதல் 0.92 வரை. புள்ளி மிகுந்தோர் வைத்தியசாலையில் மிகுந்த நாள் தங்கினர் என்பதும், இரண்டு வார வைத்தியத்தின் முன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டை அளவுகோல் காட்டியது என்பதும் தெரியவந்தன. அதன் பின்னர் புதிய மருந்துகளைச் சோதிப்போர் பொதுவாக 20 புள்ளிக்குக் குறையாதோரைச் சோதனைக்கு ஏற்பதும், புள்ளி பாதியாகக் குறைந்தால் மருந்து பயன்பட்டதென்று கொள்வதும், 12 அல்லது அதற்குக் கீழ் வந்தால் நோய் தணிந்ததென்று கொள்வதும் பெருவழக்காயின. கடல் கடந்தாலும் மாறாத ஒரு பொதுமொழி கிடைத்தது.

1997இல் அல்ற்மன் என்பவரும் அவர் தோழரும் நோயாளி தாமே நிரப்பக்கூடிய சிறு வினாத்தாள் ஒன்றைத் தந்தனர். மகிழ்ச்சி, தன்னம்பிக்கை, நித்திரை, பேச்சு, செயல் ஆகிய ஐந்தே வினாக்கள். மொத்தம் 20 புள்ளிகள். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கத்தக்கது. கையை நம்பலாகாது என்று தொடங்கிய வரலாறு, தகுந்த வினாவைக் கேட்டால் கையும் ஓரளவு உண்மை சொல்லும் என்னும் இடத்துக்கு வந்தது. நோய் முற்றித் தன்னுணர்வு முழுதும் மங்குமுன்னரே இது பயன்படும்.

அளவுகோலின் எல்லை

எந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. முழக்கோலால் நெல்லை அளக்க முடியாது. யங் அளவுகோல் மேல்முனையை மட்டுமே அளக்கும். பாயிலே சுவரைப் பார்த்தபடி கிடந்த என் அம்மானை இதனால் அளந்திருந்தால், ஏறக்குறையப் பூச்சியம் வந்திருக்கும். ஊர் செய்த பிழையையே அளவுகோலும் செய்திருக்கும்! ஆதலாலேதான் அறிந்த மருத்துவர் மனச்சோர்வு அளவுகோலையும் இதனோடு சேர்த்தே பயன்படுத்துவர். மிகையெழுச்சியில் புள்ளி குறைவது எப்போதும் சுகம் ஆகாது.

இரண்டாவது எல்லை நம்மவர்க்கு மிகவும் பொருந்துவது. எண்ணங்களின் பொருளை மதிப்பிடும் கூற்றிலே, அளவிறந்த சமயப் பற்றுக்கு 4 புள்ளி இடப்பட்டுள்ளது. திருவெம்பாவைக் காலத்தில் நம் இளைஞர்கள் விடியுமுன் எழுந்து, சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் தெருத்தெருவாகச் செல்கின்றனர். காவடி எடுப்போர் உண்டு. நாட்கணக்கில் விரதம் காப்போர் உண்டு. நம் வழக்கம் அறியாத ஒருவர் இவர்களைக் கண்டால் எத்தனை புள்ளி இடுவார்? ஆகவே அளக்க வேண்டியது பக்தியை அன்று, மாற்றத்தை. ஒருவர் தம் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகினார், அவரோடு வாழ்வோர் அதனை எவ்வாறு காண்கின்றனர் என்பதே கேள்வி. என் அம்மான் கோவிலை நேசித்தது நோயன்று. அது அவர் பிறவிக் குணம். பிள்ளைகளின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தை ஒரே கிழமையில் சீமெந்துக்குக் கொடுத்தாரே, அதுதான் நோய். இவ்வேறுபாட்டைக் காண எண் மட்டும் போதாது. ஊரையும் ஆளையும் அறிந்த கண் வேண்டும்.

மூன்றாவதாக, அளக்கப்படுவது நோய், மனிதர் அல்லர். காய்ச்சல் நூற்றுமூன்று பாகை உள்ளவரை நாம் “நூற்றுமூன்று” என்று கூப்பிடுவதில்லை. நாற்பது புள்ளி பெற்றவரும் இரண்டு மாதத்தில் பத்துப் புள்ளிக்கு இறங்கி வரலாம். “விசர்” என்ற சொல்லுக்கு இறங்கி வரும் படி இல்லை. எண்ணுக்கு உண்டு. எண்கள் இரக்கமற்றவை என்பார் உளர். இவ்விடத்தில் சொல்லை விட எண்ணே இரக்கமுடையது என்பது என் துணிபு.

நாம் செய்யக்கூடியது

என் அம்மான் இன்று நம்மிடையே வாழ்கிறார். தவறாது கிளினிக்குக்குப் போகிறார், லித்தியம் உட்கொள்கிறார், உரிய காலத்தில் இரத்தம் சோதிப்பிக்கிறார். அவருடைய மேசையில் ஒரு பழைய கொப்பி உண்டு. அதில் நாள்தோறும் முந்திய இரவு எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டார் என்பதை எழுதிவைக்கிறார். மூன்று நாள் தொடர்ந்து நாலு மணித்தியாலம் என்று வந்தால், மாமி கேட்கும் முன்னரே, “இந்த முறை கொஞ்சம் வெள்ளெனப் போய்க் காட்டுவம்” என்று அவரே சொல்கிறார். பாரிசு அறிஞரின் வழக்கும், கிறேப்பலினின் அட்டைகளும், கேட்டின் கினிப்பன்றிகளும், பெயர் தெரியாத தாதியர் நள்ளிரவில் இட்ட புள்ளிகளும் சேர்ந்து அந்தக் கொப்பிக்கு வந்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சங்கத்து இளைஞர்களே, பெரியோர்களே, அளவுகோலைக் கையில் எடுத்து நாமே புள்ளியிட வேண்டியதில்லை. அது பயின்றவர் பணி. நம்மால் இயன்றது ஒன்று உண்டு. நம் வீட்டிலோ அயலிலோ ஒருவர் மாறிப்போனால், “இவர் யார்” என்று பெயரிடுவதை விடுத்து, “எவ்வளவு நித்திரை, எவ்வளவு பேச்சு, எவ்வளவு செலவு, எப்போதிலிருந்து” என்று கேட்போம். அவர் அடங்கிய பின்னும், “சாப்பிடுகிறாரா, எழும்புகிறாரா, பேசுகிறாரா” என்று கேட்போம். கேட்டவற்றை எழுதிக்கொண்டு, காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் கூட்டிச் செல்வோம். எமக்கு இரண்டு ஆண்டுகள் சென்றன. அடுத்த வீட்டாருக்கு இரண்டு கிழமைகளுக்கு மேற் செல்லக்கூடாது என்பதே இதனை எழுதத் தூண்டிய என் ஆவல்.